இளம் பெட்டைப் பூனைக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை: வீட்டுக்கு வந்த பிறகு எது இயல்பு, எது ஆபத்து?

காவிரிக்கரை (ஸ்ரீரங்கம்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பெட்டைப் பூனை சிட்டுவுக்கு ஆறு மாதம் ஆகிறது. எடை இரண்டேகால் கிலோ. சென்ற மாதம் முதல்முறையாகப் பருவத்துக்கு வந்து, இரவெல்லாம் கத்துவதும் தரையில் புரளுவதுமாக இருந்தது. தெருவில் திரியும் கடுவன்கள் மொட்டைமாடி வரைக்கும் ஏறி வரத் தொடங்கிவிட்டன. அதனால் மருத்துவரைக் கலந்து பேசி, நேற்றுக் காலையில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்து, மாலையில் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். சினைப்பைகள் இரண்டையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அடிவயிற்றின் நடுவே சிறிய தையல் இருக்கிறது. நூல் வெளியே தெரிகிறது. பத்து நாள் கழித்துப் பிரிப்பதற்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்றிரவு அதன் நிலையைப் பார்த்து மிகவும் பயந்துபோனோம். கண்கள் திறந்தபடியே இருந்தன. கருமணி பெரிதாக விரிந்திருந்தது. மூக்கை ஒட்டிய ஓரத்திலிருந்து வெள்ளைச் சவ்வு ஒன்று பாதிக் கண்ணை மூடியிருந்தது. எழுந்து நிற்க முயன்றால் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. இன்று காலையில் தெளிவாக நடக்கிறது, சிறுநீரும் கழித்துவிட்டது. ஆனால் வேகவைத்த மீனில் இரண்டு வாய்தான் தின்றது. மலம் கழிக்கவில்லை. அவ்வப்போது தொண்டையைச் செருமுகிறது. பீரோவுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. கழுத்தில் மாட்டிய கூம்புப் பட்டையைத் தாங்க முடியாமல் பின்னோக்கியே நடக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தையலின் மேல் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடலாம் என்பது என் மாமியாரின் யோசனை. வலி தெரியாமல் இருக்கப் பாரசிட்டமால் மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா என்று என் கணவர் கேட்கிறார். மருத்துவர் கொடுத்தனுப்பிய வலி மருந்து ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் என்பதால் அது போதாதோ என்ற கவலை அவருக்கு. எங்களிடம் இருக்கும் பெரிய கடுவன் கறுப்பனோ, இதுவரை சிட்டுவோடு ஒட்டி உறங்கியவன், இப்போது அதைக் கண்டாலே சீறுகிறான். இவற்றில் எது இயல்பானது, எதற்கு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தஞ்சாவூர்):

அம்மா, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாரசிட்டமாலைக் கால் பங்கும் கொடுக்கக் கூடாது, அரைக்கால் பங்கும் கொடுக்கக் கூடாது. மனிதனின் கல்லீரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றுகிற வழி பூனையின் கல்லீரலில் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அது வேறு வழியில் நஞ்சாக மாறி, இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்து, அவை பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே ஒரு மாத்திரை வளர்ந்த பூனையைக்கூடக் கொன்றுவிடும். குரோசின், டோலோ, கால்பால் என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது அதே மருந்துதான். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும் பூனைக்கு ஆகாது. உங்கள் மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்து பூனையின் எடைக்கு அளந்து கொடுக்கப்பட்டது. பூனையின் உடலில் அதன் வேலை நெடுநேரம் நீடிப்பதால்தான் நாளைக்கு ஒரு வேளை என்று எழுதியிருப்பார். அதையும் கூட்டிக் கொடுக்க வேண்டாம். அவ்வகை மருந்துகள் அளவு மீறினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூனை தின்னாமலும் தண்ணீர் குடிக்காமலும் இருக்கும் நாளில் அடுத்த வேளை மருந்தைக் கொடுப்பதற்கு முன் அவரைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. வலி அடங்கவில்லை என்று தோன்றினால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். பூனைக்கு ஏற்ற வேறு வலி நிவாரணிகள் இருக்கின்றன.

நேற்றிரவு நீங்கள் கண்ட கோலம் மயக்க மருந்தினால் வந்தது. நம் ஊரில் பூனைகளுக்குப் பெரும்பாலும் கெட்டமின் என்ற மருந்தையும் அதனுடன் தசையைத் தளர்த்தும் வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கெட்டமின் கொடுத்த பூனை மயக்கத்திலும் கண்ணை மூடாது. கருமணி விரிந்தே இருக்கும். அறுவை சிகிச்சையின்போது கண் உலர்ந்துவிடாமல் இருக்கக் களிம்பு தடவுவார்கள். வெள்ளைச் சவ்வு என்று நீங்கள் எழுதியது பூனைக்கு இயற்கையாகவே உள்ள மூன்றாவது இமை. மயக்கத்திலும் சோர்விலும் அது வெளியே தெரியும். தலை ஆடுவதும் கால் பின்னுவதும் 24 மணி நேரத்துக்குள் தெளிந்துவிட வேண்டும், உங்கள் பூனைக்குத் தெளிந்தும்விட்டது. தொண்டை செருமுவது, மயக்கத்தின்போது மூச்சுக்குழலில் குழாய் செலுத்தியிருந்தால் வரும். ஓரிரு நாளில் நின்றுவிடும். நிற்காமல் இருமினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, முதல் இரவு வழக்கமான அளவில் கால் பங்கே போதும். அதிகம் கொடுத்தால் வாந்தி எடுக்கும். இரண்டாம் நாளில் பசி மெல்லத் திரும்பும். மீனைச் சற்று வெதுவெதுப்பாக்கி வைத்தால் வாசனை எழுந்து நாவைத் தூண்டும். பால் வேண்டாம், பெரும்பாலான பூனைகளுக்குப் பால் வயிற்றைக் கலக்கிவிடும், இந்த நேரத்தில் வயிற்றுப்போக்கு ஏற்படுவது தையலுக்கும் நல்லதல்ல. இரண்டேகால் கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் சேமிப்பு குறைவு என்பதால், முழுமையாக ஒரு நாள் எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மலத்தைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். அறுவைக்கு முன் பட்டினி போட்டதாலும் மயக்க மருந்து குடலின் வேகத்தைக் குறைப்பதாலும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போவது உண்டு. சிறுநீர் மட்டும் முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். அது வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், நிம்மதி.

உடம்புச் சூட்டையும் கவனியுங்கள். மயக்கம் தெளிந்த முதல் நாளில் பூனையின் உடல் வெப்பம் எளிதில் குறையும். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கவிட வேண்டாம். வெந்நீர்ப் புட்டியைத் தடித்த துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம்; ஆனால் பூனை விரும்பினால் விலகிப் போவதற்கு இடம் இருக்க வேண்டும்.

இப்போது தையல். காலையும் மாலையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். தொட்டுத் தடவ வேண்டியதில்லை. இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இலேசான இளஞ்சிவப்போடு, உலர்ந்து இருந்தால் அது ஆறுகிற தையல். சுற்றிலும் சிறிது கன்றிப்போயிருக்கலாம். ஓரங்கள் பிளந்து இடைவெளி தெரிவது, இரத்தம் நிற்காமல் சொட்டுவது, சீழ் அல்லது துர்நாற்றம், நாளுக்கு நாள் பெரிதாகும் சூடான வீக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே காட்ட வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஈறு. மேலுதட்டை மெல்லத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈற்றை விரல் நுனியால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறே வெளுத்துப்போயிருந்து, காதும் பாதமும் குளிர்ந்து, வயிறு உப்பி, கூப்பிட்டால் தலை தூக்காமல் கிடந்தால், வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாவிட்டாலும் உள்ளே கசிகிறது என்று கொள்ள வேண்டும்; இரவென்றும் பாராமல் கிளம்புங்கள். இது அரிதாகவே நடக்கும். நடந்தால் பெரும்பாலும் முதல் நாளிலேயே நடக்கும். அந்த நேரத்தை நீங்கள் ஏறத்தாழக் கடந்துவிட்டீர்கள். காய்ச்சலைப் பொறுத்தவரை, பூனையின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 100.4 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. நம் உடம்பைவிட அதிகம் என்பதால் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. 103-க்கு மேல் போனால் சொல்லுங்கள்.

உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் மஞ்சளும் எண்ணெயும் தையலின் மேல் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டும், ஈரம் தங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணெய் வாசனைக்கே பூனை அந்த இடத்தை நக்கத் தொடங்கும். டெட்டால் போன்ற கிருமிநாசினிகளைத் தண்ணீரில் கலந்துகூடத் துடைக்கக் கூடாது. அவற்றிலுள்ள பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் உடல் கழிக்க முடியாது, தோலைச் சுடும், நக்கினால் நஞ்சாகும். எழுதிக் கொடுத்த மருந்தைத் தவிர வேறெதையும் தடவாமல் உலர வைப்பதுதான் தையலுக்குச் செய்கிற உதவி.

மூன்று பூனை வீடு (சென்னை):

மருத்துவர் ஐயா மருத்துவத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் அந்தக் கூம்புப் பட்டையைப் பற்றியும் பீரோவைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

சகோதரி, பின்னோக்கி நடக்கிறதே என்று இரக்கப்பட்டுப் பட்டையைக் கழற்றிவிடாதீர்கள். பூனையின் நாக்கில் உள்முகமாக வளைந்த முட்கள் அரம் போல வரிசையாக இருக்கின்றன. அது ஒரு நடுநிசியில் நிம்மதியாக உட்கார்ந்து நக்கினாலே தையல் முடிச்சு தளர்ந்துவிடும், பல்லால் நூலை இழுத்தும் பார்க்கும். பெரும்பாலான பூனைகள் ஓரிரு நாளில் பட்டைக்குப் பழகிவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைகிற அளவு இடைவெளி இருக்க வேண்டும். பட்டையின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை வளைத்து எட்டிவிடும். தட்டை உயரமான ஒரு கிண்ணத்தின் மேல் வைத்தால் பட்டை இடிக்காமல் தின்ன முடியும். அப்படியும் தின்ன மறுத்தால், சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கழற்றி, கண்ணெதிரே வைத்துக்கொண்டு, தின்று முடித்ததும் மறுபடி மாட்டிவிடுங்கள்.

பிளாஸ்டிக் பட்டையை உண்மையாகவே ஏற்காத பூனைகளும் இருக்கின்றன. அவற்றுக்குத் துணியில் தைத்த மென்பட்டை கிடைக்கிறது. பழைய பருத்தி டி-சட்டையின் கையை வெட்டி, முன்னங்கால்களுக்கு இரண்டு துளை போட்டு அணிவிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால், துணி வயிற்றை முழுவதும் மூட வேண்டும், வாலடியில் சிறுநீர் படாதபடி இருக்க வேண்டும், இறுக்கமாக இருக்கவே கூடாது. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்குள் சூடும் ஈரமும் தங்கிவிடுவதால், எனக்கு என்னவோ பட்டையே பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

பீரோவுக்குப் பின்னால் பதுங்குவது இயல்பு. உடம்பு சரியில்லாத பூனை இருட்டையும் நெருக்கத்தையும் தேடும். ஆனால் நீங்கள் எட்ட முடியாத இடத்தில் அது இருந்தால் தையலையும் பார்க்க முடியாது, ஈற்றையும் பார்க்க முடியாது. ஒரு சிறிய அறையை ஒழித்து, கட்டிலும் பீரோவும் நாற்காலியும் இல்லாதபடி செய்து, பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். பதுங்குவதற்கு அதற்கு ஓர் இடம், பார்ப்பதற்கு உங்களுக்கு ஒரு வழி. மலத்தட்டில் மணலுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாளைச் சில நாள் போடுங்கள். மணற்பொடி தையலில் ஒட்டாது.

மிகக் கடினமான காலம் மூன்றாம் நாளுக்கு மேல்தான் தொடங்கும். வலி குறைந்ததும் இளம் பூனை தன் உடம்பில் தையல் இருப்பதையே மறந்துவிட்டுச் சன்னலுக்கும் அலமாரிக்கும் தாவும். வெளித்தோல் பார்வைக்கு ஆறிவிட்டதாகத் தெரிந்தாலும் உள்ளே வயிற்றுத் தசையில் போட்ட தையல் வலுப்பெற இன்னும் நாளாகும். ஆகவே தையல் பிரிக்கும் வரையில் அந்தச் சிறிய அறையிலேயே வைத்திருங்கள். மொட்டைமாடிக் கதவு அடைத்தே இருக்கட்டும். தூக்கும்போது ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் பின்பக்கத்தையும் தாங்குங்கள். வயிற்றில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம்.

நொய்யல் (கோயம்புத்தூர்):

கறுப்பன் சீறுவதற்குக் காரணம் பகையல்ல. பூனைகள் ஒன்றையொன்று முகத்தைவிட வாசனையாலேயே அடையாளம் காண்கின்றன. சிட்டுவின் உடம்பில் இப்போது மருத்துவமனை வாசனையும் மருந்து வாசனையும் இருப்பதால், அவனுக்கு அது வீட்டுக்குள் நுழைந்த அந்நியப் பூனை. அவனை அதட்ட வேண்டாம், இருவரையும் பிடித்து நேருக்கு நேர் நிறுத்தவும் வேண்டாம். சிட்டு படுத்த துணியை அவன் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்திலும், அவன் படுத்த துணியைச் சிட்டுவின் அறையிலும் போட்டு வையுங்கள். சில நாளில் வாசனை கலந்துவிடும். அதன்பிறகும் கதவிடுக்கு வழியே பார்க்கவிட்டு, அமைதியாக இருந்தால் மட்டும் சேர்த்துவிடுங்கள். கறுப்பனுக்குக் கருத்தடை ஆகவில்லை என்றால் தையல் பிரியும் வரை அவனை அருகில் விடவே கூடாது; பருவத்தின் வாசனை பெட்டையிடம் சில நாள் மிச்சம் இருக்கும், அவன் மேலே ஏற முயன்றால் தையல் தாங்காது.

இன்னொன்று, இது இப்போதைக்கு அவசரமில்லை என்றாலும் பலரும் கவனிக்காமல் விடுவதால் எழுதுகிறேன். கருத்தடைக்குப் பின் பூனைக்குப் பசி கூடும், ஆனால் உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலோ ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். கேட்ட போதெல்லாம் வைத்தால் ஒரு வருடத்துக்குள் உருண்டுவிடும். எடை கூடிய பூனைக்கு நீரிழிவும் மூட்டு வலியும் எளிதில் வரும். சிட்டு இன்னும் வளரும் வயதில் இருப்பதால் குட்டிகளுக்கான சத்துள்ள உணவையே ஒரு வயது வரைக்கும் கொடுங்கள், ஆனால் அளந்து கொடுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

காவிரிக்கரை (ஸ்ரீரங்கம்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயாவின் பதிலைக் கணவரிடமும் மாமியாரிடமும் உரக்கப் படித்துக் காட்டினேன். மாத்திரைப் பேச்சு அத்தோடு நின்றது. மாமியாரே இப்போது காலையும் மாலையும் ஈற்றைப் பார்த்துச் சொல்கிறார். சிட்டு நன்றாகத் தின்கிறது, மலமும் கழிக்கிறது, கறுப்பனும் தணிந்துவிட்டான். அவனுக்குச் சென்ற ஆண்டே கருத்தடை ஆகிவிட்டது.

புதிதாக இரண்டு ஐயங்கள். தையலுக்குக் கீழே, தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் கெட்டியாக ஒரு கட்டி சில நாளாகத் தட்டுப்படுகிறது; அழுத்தினால் சிட்டு கத்தவில்லை. அடுத்தது, நேற்று மாலையில் அது பழையபடி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சிறிது நேரம் புரண்டது. கர்ப்பப்பையை எடுத்த பிறகும் பருவம் வருமா? பக்கத்து வீட்டு அம்மாள், ஒரு ஈடு குட்டி போடவிட்டுச் செய்திருந்தால் உடம்புக்கு நல்லதாக இருந்திருக்கும் என்கிறார். அதுவும் மனதை உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தஞ்சாவூர்):

கட்டியைப் பற்றி: வயிற்றுத் தசையை உள்ளே தைத்த நூலை உடல் தானே கரைத்துக்கொள்ள வேண்டும், அதைக் கரைக்கும் முயற்சியில் அந்த இடம் தடித்துக் கெட்டியாகும். சூடில்லை, வலியில்லை, பெரிதாகவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான். சில வாரங்களில் வற்றிவிடும். அதிகம் தாவிய பூனைகளுக்குத் தோலுக்கடியில் நீர் கோத்து மெத்தென்று வீங்குவதும் உண்டு. அதுவும் பெரும்பாலும் தானே வடியும். ஆனால் மென்மையாக இருந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டால் மீண்டும் வெளியே வருகிற வீக்கம் என்றால், தசைத் தையல் விட்டுக் குடலோ கொழுப்போ வெளியே துருத்துகிறது என்று பொருள். அது அறுவை மேசைக்குப் போக வேண்டிய நிலை. நீங்கள் எழுதியிருப்பது அப்படித் தோன்றவில்லை என்றாலும், நான் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. தையல் பிரிக்கும் நாளில் மறக்காமல் காட்டுங்கள். அதற்குள் பெரிதானால் அன்றே காட்டுங்கள்.

புரண்டதைப் பற்றி: சினைப்பையை எடுத்தாலும் இரத்தத்தில் ஏற்கெனவே கலந்திருந்த ஹார்மோன் குறைவதற்குச் சில நாள் ஆகும். பருவத்தை ஒட்டிய நாட்களில் அறுவை நடந்திருந்தால் இது இன்னும் எதிர்பார்க்கக்கூடியது. ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். ஆனால் சில மாதங்களுக்குப் பிறகு, முன்போல் இரவெல்லாம் கத்தி, புரண்டு, கடுவன்களை அழைக்கும் பருவம் முறையாகத் திரும்பி வந்தால், சினைப்பைத் திசுவின் ஒரு துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம். அப்போது அந்த அறிகுறிகள் தெரியும் நாளிலேயே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். கண்டறிவதற்கு அதுவே ஏற்ற நேரம்.

பக்கத்து வீட்டு அம்மாளின் கருத்து நம் ஊரில் நெடுங்காலமாக இருப்பது; அதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. உண்மை அதற்கு நேர் எதிரானது. பூனையின் முலைச்சுரப்பியில் வரும் கட்டிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் புற்றுநோயாகவே இருக்கின்றன. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 விழுக்காடும், ஒரு வயதுக்கு முன் செய்தவற்றுக்கு 86 விழுக்காடும் குறைந்திருந்தது கண்டறியப்பட்டது. தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பலன் தேய்ந்துவிடுகிறது. கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோயும் இனி சிட்டுவுக்கு வராது. பகல் நேரம் அதிகம் குறையாத நம் ஊரில் பெட்டைப் பூனை ஆண்டின் பெரும்பகுதியும், இணைசேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்றே அதிகம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். ஆறு மாதக் குட்டியை அந்தச் சுழலில் விடாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள். உறுத்துவதற்கு இதில் ஒன்றுமில்லை.

தையல் பிரிக்கப் போகும்போது மூடிய கூடையில் கொண்டு செல்லுங்கள், மடியில் வைத்துக்கொண்டு இருசக்கர வண்டியில் போக வேண்டாம். நூலை நீங்களாகவே கத்தரிக்க வேண்டாம். பிரித்த பிறகும் இரண்டு மூன்று நாள் பட்டையை மாட்டியே வைத்திருங்கள், துளைகள் மூடுவதற்கு முன் நக்கிவிடும். குளிப்பாட்டுவது அதற்குப் பிறகுதான். வெறிநாய்க்கடித் தடுப்பூசி இன்னும் போடவில்லை என்றால், எப்போது போடலாம் என்று அன்றைக்கே கேட்டுத் தேதி குறித்துக்கொண்டு வாருங்கள்.